ஏரி ஏன் பச்சை பெயின்ட் மாதிரி ஆகுது? தாம்பரம் பக்கத்து ஏரிகளை வெச்சு ஒரு பாசிப் பாடம்

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை. காலேஜ் பஸ்ல வர்றவங்களுக்கு இதெல்லாம் ஸ்டாப் பேரு. ஆனா இந்த ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் ஒரு ஏரி இருக்கு. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினா செம்பாக்கம் ஏரிக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம்னு இறங்கி, கடைசியா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தண்ணி போகும். பள்ளிக்கரணை 2022-ல ராம்சார் தளமா அறிவிக்கப்பட்டது. அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம். அந்த ஈரநிலத்தோட தலைப்பகுதியில தான் நாம குடியிருக்கோம்.

வெயில் காலத்துல இந்த மாதிரி ஏரிக் கரையில நின்னு பார்த்திருந்தீங்கன்னா, சில நாள் தண்ணி மேல யாரோ பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி ஒரு படலம் தெரியும். லேசா நாத்தமும் அடிக்கும். "பாசி பிடிச்சிருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். அது என்ன, ஏன் வருது, வெப்பம் கூடினா ஏன் இன்னும் மோசமாகுது, ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்டா நாம அதை எப்படி அளக்கலாம்? இந்தக் கட்டுரை அதுக்குத் தான். கணக்கு கொஞ்சம் வரும், பயப்படாதீங்க. எல்லாமே பெருக்கல் வகுத்தல் தான்.

1. பச்சையா இருக்கிறது எல்லாம் ஒண்ணு இல்ல

ஏரியில பச்சையா நாலு விஷயம் இருக்கலாம். முதல்ல அதைப் பிரிச்சுப் பார்க்கணும்.

ஆகாயத்தாமரை: பெரிய இலை, ஊதாப் பூ. இது செடி. வாத்துப்பாசி: குட்டிக் குட்டி வட்ட இலை மிதக்கும். இதுவும் செடி. நூல் பாசி: கையில எடுத்தா முடி மாதிரி தொங்கும். இது உண்மையான பாசி. நாலாவது தான் நம்ம ஹீரோ, இல்ல வில்லன்: நீலப்பச்சைப் பாசி. பேர்ல பாசி இருக்கே தவிர, இது பாக்டீரியா. சயனோபாக்டீரியான்னு சொல்லுவாங்க. செல்லுக்குள்ள உட்கரு கிடையாது. ஆனா செடி மாதிரி ஒளிச்சேர்க்கை பண்ணும்.

இதை வெறும் வில்லன்னு சொல்றதும் நியாயம் இல்ல. சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமியோட காத்துல ஆக்சிஜன் சேர ஆரம்பிச்சதே இதோட முன்னோர்களால தான். மெடிக்கல் ஷாப்ல மாத்திரையா விக்கிற ஸ்பைருலினாவும் இந்தக் குடும்பம் தான். ஏரித் தண்ணியில எப்பவும் கொஞ்சம் இருக்கும். அது இருக்கிறது தப்பு இல்ல. மத்த எல்லாரையும் தள்ளிட்டு அது ஒண்ணு மட்டும் கட்டுக்கடங்காமப் பெருகுறது தான் பிரச்சனை. அதுக்குத் தான் பாசிப் பெருக்கம்னு பேரு.

இதுல அடிக்கடி பேர் அடிபடுற ஆள் மைக்ரோசிஸ்டிஸ். இதோட செல்லுக்குள்ள காத்து அடைச்ச நுண்ணிய குழாய்கள் இருக்கு. அதை வெச்சு தண்ணிக்குள்ள லிஃப்ட் மாதிரி மேல வரும், கீழ போகும். வெளிச்சம் வேணும்னா மேல. ஒளிச்சேர்க்கை பண்ணி சர்க்கரை சேர்ந்து கனமானா கீழ. காத்து இல்லாம தண்ணி அசையாம கிடந்தா இந்த லிஃப்ட் வெச்சிருக்கிறவன் ஜெயிப்பான். லிஃப்ட் இல்லாத மத்த பாசி எல்லாம் அடியில போய்ப் படிஞ்சிடும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, மூணாவது பகுதியில திரும்ப வரும்.

இது நமக்குப் புதுப் பிரச்சனையும் இல்ல. எஸ்.வி. கணபதிங்கிறவர் 1940-ல பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தோட ஆய்விதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். மைக்ரோசிஸ்டிஸ் நிரந்தரமாப் பெருகிக் கிடந்த ஒரு கோயில் குளத்தைப் பத்தினது. "நிரந்தரமா"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. குளிர் நாடுகள்ல இந்தப் பெருக்கம் கோடையில வரும், பனி விழுந்தா போயிடும். நம்ம ஊர்ல குளிர்காலம்னு ஒண்ணு வந்து அதை நிறுத்தாது.

இன்னொரு பெருமையான விஷயம். இந்தியாவுல பாசியைப் பத்தின படிப்பு வளர்ந்த இடமே நம்ம சென்னை தான். இந்தியப் பாசியியலின் தந்தைன்னு சொல்லப்படுற எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னையில தான் வேலை பார்த்தார். அவர் வழியில வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959-ல சயனோபாக்டீரியா பத்தி எழுதின பெரிய நூல், இன்னைக்கும் மைக்ரோஸ்கோப் பக்கத்துல திறந்து வெச்சு அடையாளம் பார்க்கிற புத்தகம்.

2. ஒரு கணக்கு: ஏரி எத்தனை நாள்ல தாங்காமப் போகும்?

எந்த உயிருக்கும் சாப்பாடு வேணும். பாசிக்கு கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூணும் வேணும். கார்பன் காத்துல இருந்து கிடைக்கும். சில சயனோபாக்டீரியா நைட்ரஜனையும் காத்துல இருந்தே பிடிச்சுக்கும். பாஸ்பரஸுக்கு மட்டும் அந்த வழி கிடையாது. அதனால நன்னீர் ஏரிகள்ல பெரும்பாலும் பாஸ்பரஸ் தான் பூட்டுக்குச் சாவி.

இதை நிரூபிச்ச சோதனை ரொம்ப சிம்பிள். கனடாவுல டேவிட் ஷிண்ட்லர் குழு 1973-ல ஒரு ஏரியை நடுவுல திரை போட்டு ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க. இன்னொரு பக்கம் அதோட பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டாங்க. பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சை ஆச்சு. மேல இருந்து எடுத்த அந்த போட்டோ ஒண்ணே போதும், வேற விளக்கம் தேவைப்படல.

இப்ப நம்ம கணக்கு. பாசியோட சராசரி இயைபுல 106 கார்பன், 263 ஹைட்ரஜன், 110 ஆக்சிஜன், 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் அணு இருக்குன்னு வெச்சுக்குவாங்க. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி மாதிரி அணு நிறையைப் பெருக்கிக் கூட்டுங்க: 1272 + 263 + 1760 + 224 + 31 = 3550. இதுல பாஸ்பரஸ் 31 மட்டும். 3550-ஐ 31-ஆல வகுத்தா சுமார் 114. அதாவது 1 கிராம் பாஸ்பரஸ் கிடைச்சா, வேற எதுக்கும் பஞ்சம் இல்லேன்னா, 114 கிராம் உலர்ந்த பாசி உருவாகலாம்.

பாஸ்பரஸ் எங்கிருந்து வருது? நம்மகிட்ட இருந்து. ஒரு ஆளோட கழிவுல ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் பாஸ்பரஸ் போகும். 1000 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 1.5 கிராம்னு வெச்சா, நாளைக்கு 6 கிலோ. இந்த 1000 வீட்டுக் கழிவுநீர் மழைநீர்க் கால்வாய்ல கலந்து நேரா ஒரு ஏரிக்குப் போகுதுன்னு கற்பனை பண்ணுங்க.

ஏரி 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர். சராசரி ஆழம் 1.5 மீட்டர். கொள்ளளவு 6 லட்சம் கன மீட்டர், லிட்டர்ல 60 கோடி. 6 கிலோவை 60 கோடி லிட்டர்ல கரைச்சா லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு சுமார் 35 மைக்ரோகிராம் தாண்டினாலே அது ஊட்டம் மிகுந்த ஏரின்னு சர்வதேச வகைப்பாடு சொல்லுது. நாளைக்கு 10 ஏறினா நாலாவது நாள் எல்லையைத் தாண்டியாச்சு!

நிஜத்துல எல்லா பாஸ்பரஸும் தண்ணியிலேயே நிக்காது. நிறைய வண்டல்ல போய்ப் படியும். அதனால நாலு நாள்ங்கிறது ஒரு மேலோட்டமான கணக்கு தான். ஆனா பாயின்ட் புரிஞ்சிருக்கும். ஒரு ஏரியைக் கெடுக்க ஃபேக்டரி எல்லாம் தேவையில்ல. ஒரு சின்ன நகரோட கழிவுநீர் போதும். வெயில்ல ஆழம் 1.5-ல இருந்து 0.75 மீட்டர் ஆயிடுச்சுன்னா, அதே 6 கிலோ லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஆகும். கொட்டுறது மாறவே இல்ல, ஏரி தான் சுருங்கிடுச்சு.

3. இதுல காலநிலை மாற்றம் எங்க வருது?

"சென்னை எப்பவுமே சூடு தானே, இன்னும் ஒரு டிகிரி கூடினா என்ன?" நியாயமான கேள்வி. மூணு பதில் இருக்கு.

முதல் பதில், அடர்த்தி. 10 டிகிரி தண்ணி 11 டிகிரி ஆனா அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 0.1 கிலோ குறையும். 29 டிகிரி தண்ணி 30 டிகிரி ஆனா சுமார் 0.3 கிலோ குறையும். அதே ஒரு டிகிரி, மூணு மடங்கு வித்தியாசம். அதனால நம்ம ஊர் ஏரியில மேல் தண்ணிக்கும் அடித் தண்ணிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வந்தாலே அது குளிர் நாட்டு ஏரியை விட நல்லா அடுக்கு அடுக்கா நிக்கும், சுலபமாக் கலக்காது. கலக்காத தண்ணியில யார் ஜெயிப்பான்னு முதல் பகுதியிலேயே பார்த்தோம். லிஃப்ட் வெச்சிருக்கிறவன்.

ரெண்டாவது பதில், ஆக்சிஜன். 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில 7.5 தான். பாசி பகல்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவும் மூச்சு விடும். பெருக்கம் அதிகமா இருந்தா விடியக்காலையில ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போயிடும். ஏரியில மீன் செத்து மிதக்கிறதை ஜனங்க காலையில பார்க்கிறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னொரு வேலையும் நடக்கும். அடியில ஆக்சிஜன் தீர்ந்ததும், வண்டல்ல இரும்போட ஒட்டிக்கிட்டு இருந்த பாஸ்பரஸ் விடுபட்டுத் திரும்பத் தண்ணிக்கு வரும். பழைய கடன் வட்டியோட வர்ற மாதிரி. அதனால தான் கழிவுநீரை நிறுத்தின பிறகும் சில ஏரி வருஷக்கணக்கா பச்சையாவே இருக்கும்.

மூணாவது பதில் தான் நமக்கு ரொம்ப முக்கியம்: மழை. காத்து ஒரு டிகிரி சூடானா அது தாங்குற நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். பெய்யுறப்ப கொட்டித் தீர்க்கும், பெய்யாதப்ப நீண்ட வறட்சி. ரெண்டு எல்லையையும் இந்த ஊர் பார்த்திருக்கு. 2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருக்கிறவங்க வீட்ல கேளுங்க, இன்னும் சொல்லுவாங்க. நாலே வருஷத்துல, 2019 கோடையில, சென்னைக்குத் தண்ணி தர்ற ஏரிகள் காஞ்சு, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்தது.

"பெருமழை பெய்ஞ்சா ஏரியைக் கழுவி விட்டுடும், நல்லது தானே?" கொஞ்ச நாளைக்கு ஆமா. கலங்கல் வழியா பாசி எல்லாம் அடிச்சுட்டுப் போகும். ஆனா அதே வெள்ளம் தெருவுல, சாக்கடையில, காலி மனையில கிடந்த ஊட்டத்தை எல்லாம் வரத்துக் கால்வாய் வழியா ஏரிக்குள்ள கொண்டு வந்து சேர்க்கும். ஜனவரியில மழை நின்னுடும். தண்ணி அசையாது, வெயில் ஏறும், ஆழம் குறையும், சாப்பாடு ரெடியா இருக்கும். பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் நீலப்பச்சைப் பாசிக்கு இதை விட நல்ல செட்டப் யாராலும் பண்ணித் தர முடியாது.

4. பச்சையா இருந்தா என்ன, விஷமா?

சில சமயம், ஆமா. மைக்ரோசிஸ்டிஸ்ல சில ரகங்கள் மைக்ரோசிஸ்டின்னு ஒரு நச்சை உருவாக்கும். அது கல்லீரலைத் தாக்கும். குடிநீர்ல மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல தொடர்ந்து இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் வரம்பு வெச்சிருக்கு.

1996-ல பிரேசிலோட கருவாரு நகரத்துல ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த தண்ணியில இந்த நச்சு இருந்து, 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தாங்க. 2007-ல சீனாவோட தாய்ஹூ ஏரியில பெருக்கம் வந்து வூஷி நகரத்துல சுமார் 20 லட்சம் பேருக்கு குழாய்த் தண்ணி குடிக்க முடியாமப் போச்சு. 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட டொலிடோ நகரத்துல ஈரி ஏரிப் பாசியால லட்சக்கணக்கான பேர்கிட்ட குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு சொன்னாங்க. பணக்கார ஊர், நல்ல சுத்திகரிப்பு நிலையம், அப்படி இருந்தும்.

இங்க மூணு விஷயம் கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கணும்.

ஒண்ணு: கொதிக்க வெச்சா இந்த நச்சு போகாது. தண்ணி ஆவியாகி நச்சு இன்னும் செறிவு தான் ஆகும். நம்ம வீடுகள்ல எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம் "காய்ச்சிக் குடி" தான். இதுக்கு அது வேலை செய்யாது.

ரெண்டு: பெருக்கம் வந்த ஏரியில காப்பர் சல்ஃபேட் கொட்டினா பாசி சாகும், ஆனா செல் உடைஞ்சு உள்ள இருந்த நச்சு மொத்தமும் தண்ணியில கலந்துடும். தண்ணி தெளிவாத் தெரியுற நாள் தான் ஆபத்தான நாளா இருக்கலாம். அதனால தான் சுத்திகரிப்புல முதல்ல செல்லை உடைக்காம முழுசா வெளியேத்தணும், அப்புறம் ஆக்டிவேட்டட் கார்பன், குளோரின்னு போகணும்.

மூணு: பார்த்து மட்டும் சொல்ல முடியாது. நச்சு உருவாக்குற ரகமும் உருவாக்காத ரகமும் மைக்ரோஸ்கோப்ல ஒரே மாதிரி இருக்கும். நச்சு இருக்கான்னு தெரிய எலைசா டெஸ்ட், ஜீன் இருக்கான்னு தெரிய பி.சி.ஆர். வேணும். மண் வாசனை மாதிரி அடிக்கிறது ஜியோஸ்மின்ங்கிற வேற பொருள். வாசனை இருந்தா நச்சு இருக்குன்னும் இல்ல, இல்லேன்னா இல்லன்னும் இல்ல.

"தாம்பரம் ஏரித் தண்ணியை யார் குடிக்கிறா?"ன்னு கேட்கலாம். ஏரிக்குள்ள கிணறு போட்டு குடிநீர் எடுக்கிற வழக்கம் இங்க உண்டு, மாடம்பாக்கம் ஏரி அதுக்கு உதாரணம். மண்ணு நிறைய வடிகட்டிடும்ங்கிறது உண்மை தான். ஆனா மேயுற மாடு, நாய், மீன் பிடிக்கிறவர் இவங்களுக்கு நடுவுல எந்த மண்ணும் இல்ல. நேரடியாத் தண்ணி தான்.

நம்ம நாட்டுல நீர்நிலையை ஏ-ல இருந்து ஈ வரைக்கும் தரம் பிரிக்கிற அடிப்படை அளவுகோல்ல பி.எச்., கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி., கோலிஃபார்ம் இதெல்லாம் இருக்கு. பச்சையத்தோட அளவோ பாசி நச்சோ அதுல இல்ல. அளக்காத ஒண்ணை யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. நம்ம வேலை இங்க தான் ஆரம்பிக்குது.

5. ப்ராஜெக்ட் தேடுறவங்களுக்கு

ஃபைனல் இயர்ல எல்லாரும் லைன் ஃபாலோவரும் அட்டெண்டன்ஸ் ஆப்பும் பண்றதுக்கு பதிலா, பக்கத்துல இருக்கிற ஏரியை எடுத்துக்கலாம். டிபார்ட்மென்ட் வாரியா சொல்றேன்.

எல்லாருக்கும்: முதல்ல பாட்டில் சோதனை. க்ளவுஸ் போட்டு, கண்ணாடி பாட்டில்ல முக்கால்வாசி தண்ணி எடுத்து மூடி, ஒரு ராத்திரி அசைக்காம வைங்க. பச்சை மேல வந்து வளையமா மிதந்தா நீலப்பச்சைப் பாசியா இருக்க வாய்ப்பு அதிகம். அடியில படிஞ்சா பெரும்பாலும் வேற பாசி. அடுத்து செக்கி தட்டு. கருப்பு வெள்ளை பெயின்ட் அடிச்ச 20 செ.மீ. தட்டைக் கயித்துல கட்டி இறக்கி, எந்த ஆழத்துல கண்ணுக்கு மறையுதுன்னு பார்க்கிறது. 1865-ல இத்தாலியில செக்கிங்கிற பாதிரியார் பண்ண டெக்னிக். செலவு நூறு ரூபாய் ஆகாது.

இ.சி.இ., ட்ரிபிள் இ: ஒரு கயித்துல கால் மீட்டருக்கு ஒண்ணா டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார்களைக் கட்டி, பத்து நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் எடுங்க. மேலயும் கீழயும் எத்தனை மணிக்குப் பிரியுது, எத்தனை மணிக்குக் கலக்குதுன்னு தெரியும். ஒரு எச்சரிக்கை: அந்த சென்சாரோட துல்லியம் கூட்டியோ குறைச்சோ 0.5 டிகிரி. நமக்கு வேண்டிய வித்தியாசமே அந்த அளவு தான். அதனால எல்லா சென்சாரையும் முதல்ல ஒரே பக்கெட்ல போட்டு ஒண்ணோட ஒண்ணு சரி பண்ணிட்டு அப்புறம் ஏரிக்குப் போங்க. வைவாவுல கேட்பாங்க.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி.: சென்டினல்-2 சாட்டிலைட் படம் இலவசம், சுமார் அஞ்சு நாளுக்கு ஒண்ணு. பேண்ட் 5-ல இருந்து பேண்ட் 4-ஐக் கழிச்சு, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுங்க. பச்சையம் கூடினா அந்த எண் கூடும். 20 மீட்டர் பிக்சல்ல 40 ஹெக்டேர் ஏரிக்கு 1000 பிக்சல் கிடைக்கும், தாராளம். ரெண்டு தொல்லை: ஆகாயத்தாமரையும் பச்சையா தான் தெரியும், அதைத் தனியா மாஸ்க் பண்ணணும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மேகம் மறைக்கும்.

சிவில்: ரெண்டாம் பகுதியில போட்ட கணக்கை ஒரு நிஜ ஏரிக்குப் போடுங்க. எத்தனை வரத்துக் கால்வாய், எதுல மழை இல்லாத நாள்லயும் தண்ணி ஓடுது, எவ்வளவு பாஸ்பரஸ். மழையே இல்லாத மார்ச் மாசத்துல மழைநீர்க் கால்வாய்ல ஓடுற தண்ணி மழைத்தண்ணி இல்ல. இதைக் கண்டுபிடிக்க மீட்டர் கூட வேண்டாம்.

பயோடெக்: மைக்ரோஸ்கோப்ல அடையாளம் காண்றது உங்க வேலை. மத்த அஞ்சு டிபார்ட்மென்ட்டும் உங்களைத் தேடி வரும், அப்ப கெத்து காட்டுங்க.

ஏரிக்குத் தனியாப் போகாதீங்க, படலத்தைக் கையால தொடாதீங்க, ஏரி யார் பொறுப்புல இருக்கோ அவங்ககிட்ட அனுமதிக் கடிதம் வாங்கிக்கோங்க. கரையில மீன் பிடிக்கிற அண்ணன்கள்கிட்ட பேசுங்க. எந்த மாசம் பச்சை வரும், எந்தப் பக்கம் காத்து ஒதுக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

6. அப்ப இதுக்கு என்ன தான் வழி?

செம்பாக்கம் ஏரியை தி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், ஐ.ஐ.டி. மெட்ராஸ் எல்லாம் சேர்ந்து சீரமைக்க எடுத்தாங்க. உள்ள வர்ற கழிவுநீரை இயற்கை முறையில சுத்தம் பண்றதும் அந்தத் திட்டத்தோட யோசனைகள்ல ஒண்ணு. அது சரியான இடத்துல கை வைக்கிறது. கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டு, பெஞ்ச் வெச்சா ஏரி அழகா இருக்கும். ஆனா மைக்ரோசிஸ்டிஸ் நடைபாதையைப் பார்த்துப் போயிடாது. உள்ள வர்ற பாஸ்பரஸைக் குறைச்சா தான் போகும்.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு பழைய வழி இருந்தது. கோடையில ஏரி வத்தினதும் விவசாயிங்க வண்டல் மண்ணை வண்டியில அள்ளிட்டுப் போய் வயல்ல போடுவாங்க. வயலுக்கு உரம். ஏரிக்கோ, படிஞ்சு கிடந்த பாஸ்பரஸ் வெளிய போகுது. ஷிண்ட்லர் பிறக்கிறதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே இந்தக் கணக்கு இங்க நேர் ஆயிட்டு இருந்தது. வயல் எல்லாம் மனை ஆன பிறகு வண்டலை அள்ள ஆள் இல்ல. அதே சமயம் வீடு கூடினதால உள்ள வர்றது பல மடங்கு கூடிடுச்சு. வரவு மட்டும் இருக்கு, செலவு இல்ல.

2021-ல அஞ்சு நகராட்சியும் அஞ்சு பேரூராட்சியும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. முன்னாடி ஏரி ஒரு ஊர்ல, அதுக்கு வர்ற சாக்கடை இன்னொரு ஊர்ல இருந்தது. இப்ப ரெண்டுமே பெரும்பாலும் ஒரே மாநகராட்சிக்குள்ள. "அது எங்க எல்லை இல்ல"ன்னு சொல்றது இனிமே கஷ்டம். அந்த நேரத்துல மாசம் ஒரு தடவை எடுத்த செக்கி ஆழம், அஞ்சு நாளுக்கு ஒரு சாட்டிலைட் எண், எந்தக் கால்வாய்ல மார்ச் மாசம் தண்ணி ஓடுதுன்னு ஒரு மேப், இந்த மூணும் கையில இருந்தா வார்டு கூட்டத்துல பேச நமக்கு ஒரு விஷயம் இருக்கும்.

ஒரு செமஸ்டர் டேட்டா பத்தாது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முழுசா வேணும். அதனால தேர்ட் இயர் படிக்கிறவங்களுக்குத் தான் இதை முக்கியமாச் சொல்றேன். மழை அக்டோபர்ல ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி ஒரு தட்டு, ஒரு கயிறு, ஒரு நோட்டு ரெடி பண்ணிடுங்க.